ஐவியின் புத்தகத்துக்கு ஒரு சாக்லேட் பிஸ்கட்

எனிட்: ...அதைத் தொடாதீங்க வில்ஃபிரட்! அது தின்கிற பிஸ்கட் இல்லை.

வில்ஃபிரட்: பிஸ்கட்டுன்னா தின்கிறதுக்குத்தானேம்மா?

எனிட்: இது ஓட்டுப் போடற பிஸ்கட். தின்கிறது அந்த டப்பாவுல இருக்கு.

வில்ஃபிரட்: ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே?

எனிட்: ஒரே பிஸ்கட்தான். தட்டுக்கு வந்துட்டா ஓட்டு. இத்தனை வருஷமா மாசம் தவறாம இங்க வந்தாளே ஐவி, உங்ககிட்ட ஒண்ணுமே சொன்னதில்லையா?

வில்ஃபிரட்: மாசத்துல ஒரு வியாழக்கிழமை "வாசிப்பு வட்டத்துக்குப் போயிட்டு வரேன்"னு தொப்பியை மாட்டிக்கிட்டுக் கிளம்புவா. திரும்பி வந்ததும் "இன்னைக்கும் வெறும் பிஸ்கட்தான்"னு சொல்லிட்டுப் போய்ப் படுத்துருவா. நான் என்ன நெனச்சேன்... இங்க டீக்குச் சரியா ஒண்ணும் கொடுக்கறதில்லை போலன்னு நெனச்சேன்.

மியூரியல்: அடடா! வில்ஃபிரட், நான் விளக்கமாச் சொல்றேன் கேளுங்க. இந்த வட்டம் எப்படி ஆரம்பிச்சதுன்னா...

எனிட்: நீ விளக்கமாச் சொன்னா டீ ஆறிடும். நான் சொல்றேன். மாசம் ஒருத்தர் முறை. அவங்க சொல்ற புத்தகத்தை எல்லாரும் படிச்சுட்டு வந்து பேசுவோம். கடைசியில, பிடிச்சிருந்தா நடுத்தட்டுல சாக்லேட் பிஸ்கட் வைக்கணும். பிடிக்கலைன்னா வெறும் பிஸ்கட். எல்லாருமே சாக்லேட் வச்சா...

மியூரியல்: அந்தப் புத்தகம் அதோ அந்த அலமாரிக்குப் போயிடும்! தேர்ந்தெடுத்தவங்க பேரை உள்ளே எழுதி...

எனிட்: நான் சொல்லிட்டிருக்கேன்ல?

மியூரியல்: முக்கியமானதை விட்டுட்டியே டி. இந்தச் சபை இருக்கிற வரைக்கும் அந்தப் புத்தகம் அங்கேயே இருக்கும். பேரும் இருக்கும்.

வில்ஃபிரட்: ஐவி பேர் இருக்கா?

எனிட்: பால் போதுமா வில்ஃபிரட்?

வில்ஃபிரட்: ஒண்ணுல கூடவா இல்லை?

மியூரியல்: அவ ரசனை கொஞ்சம்... தனி. வாத்து வளர்க்கிறவரோட கதை ஒண்ணு கொண்டு வந்தா பாருங்க...

எனிட்: அது நல்ல கதை.

மியூரியல்: நீயும் வெறும் பிஸ்கட்தானே வச்சே?

எனிட்: கடைசியில வாத்தை வித்துட்டான் டி! மனசு கேக்கலை எனக்கு.

வில்ஃபிரட்: சரி விடுங்க. நான் எதுக்கு வந்தேன்னா... இந்தப் புத்தகம் அவ கடைசியாத் தேர்ந்தெடுத்தது. அவ முறையை வீணாக்க வேண்டாம்னு எனிட் வந்து சொன்னாங்க. அதான் அவ நாற்காலியில வந்து உட்கார்ந்திருக்கேன். இந்த ஒரு தடவைதான். அப்புறம் உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்.

எனிட்: ஒரே ஒரு தடவையா?

வில்ஃபிரட்: ஒரு தடவை. அவ புத்தகத்துக்கு ஒரு நியாயம் கெடச்சுதுன்னா எனக்குப் போதும்.

மியூரியல்: வசந்த காலத்துல ஐவி போனதுல இருந்து நீங்க வீட்டை விட்டு வெளியவே வரலைன்னு போதகர் வருத்தப்பட்டார்.

வில்ஃபிரட்: யார் சொன்னா? ரொட்டி வாங்கப் போறேனே.

எனிட்: ரொட்டிக்காரன் உங்க வீட்டு வாசல்லயே கொண்டு வந்து வைக்கிறானாமே?

வில்ஃபிரட்: வாசல் வரைக்கும் போறேன்ல?

மியூரியல்: ஜெபம் பண்ணிட்டு ஆரம்பிக்கலாம். கண்ணை மூடுங்க. ஆண்டவரே, இந்தத் தேநீருக்காகவும், வெளியில மழை பெய்யறப்போ உள்ளே அடுப்பு எரியறதுக்காகவும் ஸ்தோத்திரம். ஐவியை உம்ம பக்கத்துல வச்சிருக்கிறதுக்காகவும் ஸ்தோத்திரம். இன்னைக்காவது நாங்க சண்டை போடாம இருக்கக் கிருபை தாரும். ஆமென்.

வில்ஃபிரட்: ஆமென்.

எனிட்: ஆமென். சரி, சண்டையை யார் ஆரம்பிக்கிறது?

மியூரியல்: நான்தான். "மார்விக் மாளிகை"! என்னத்தைச் சொல்ல. ஆரம்பத்துலயே திரைச்சீலை. அந்த வீட்டுத் திரைச்சீலையைப் பத்தி மட்டும் பக்கம் பக்கமா எழுதியிருக்கா அந்தம்மா. அதோட மடிப்பு, அதோட குஞ்சம், குஞ்சத்தோட நிழல்... கடைசியில வேலைக்காரி ஒருத்தி வந்து அதை இழுத்து மூடறா. முடிஞ்சுது. அதுக்கப்புறம் அந்தத் திரைச்சீலை கதையில வரவே இல்லை!

வில்ஃபிரட்: எனக்குத் திரைச்சீலையே வரலையே?

எனிட்: தூங்கியிருப்பீங்க.

வில்ஃபிரட்: தூங்கினேன்தான். ஒரு வாக்கியத்துல ஏறினேன்மா. சாப்பாட்டுக்கு முன்னாடி ஏறினது. இறங்கறதுக்கு ஸ்டாப்பே வரலை. கண்ணு சொருகிருச்சு. முழிச்சுப் பார்த்தா, அதே வாக்கியம் இன்னும் போயிட்டிருக்கு!

எனிட்: காலம் பூரா ஹாலிஃபாக்ஸ் பஸ் ஓட்டினவருக்கே இந்தக் கதியா!

வில்ஃபிரட்: அந்தம்மா மட்டும் எங்க டிப்போவுல இருந்திருந்தா, பிரேக் போடத் தெரியலைன்னு முதல் நாளே அனுப்பியிருப்பாங்க.

மியூரியல்: நடை கிடக்கட்டும். பழைய காலத்து எழுத்து, அப்படித்தான் இருக்கும். எனக்குப் பொறுக்காதது அந்த சர் ஆம்ப்ரோஸ். மனுஷனா அவன்? அரக்கன்!

எனிட்: யாரு, என் ஆம்ப்ரோஸா?

மியூரியல்: உன் ஆம்ப்ரோஸா?

எனிட்: தங்கமான மனுஷன் டி அவர். நான் கம்பளி நூல் கடையில உட்கார்ந்து படிச்சுட்டு, வந்தவங்களுக்குச் சிவப்புக்குப் பதிலா பச்சை நூலைக் கொடுத்து அனுப்பிட்டேன். அப்படி மனசு உருகிப் போச்சு.

மியூரியல்: பாவம் அந்த லெட்டிஸ். அனாதைப் பொண்ணு, அவன் வீட்டுல பாட்டுச் சொல்லிக் கொடுக்க வந்தவ. அவ வாசிச்ச பியானோவைப் பூட்டி, சாவியைக் குளத்துல எறிஞ்சானே, அவனா தங்கம்? ஞாயித்துக்கிழமை தோறும் இந்தச் சபையில ஆர்கன் வாசிக்கிறவ நான். சாவியைக் குளத்துல எறியறவனை நான் எப்படி மன்னிப்பேன்?

எனிட்: அவர் கோஸ் செடிக்குத் தண்ணி ஊத்தற இடத்தைப் படிச்சியா நீ?

மியூரியல்: கோஸா? அவன் துப்பாக்கியும் கையுமால்ல திரிஞ்சான்!

எனிட்: ஒவ்வொரு செடிகிட்டயும் குனிஞ்சு "நல்லா இருக்கியா"ன்னு கேப்பாரு டி. அடுத்த வீட்டுக் கிழவருக்கு முட்டை கொண்டு போய்க் கொடுப்பார். தன் பேரே தனக்கு மறந்து போன நிலையிலயும், அடுத்தவங்களுக்கு நல்லது செய்ய மறக்கலை பாரு. அதான் மனுஷன்.

மியூரியல்: பேர் எங்க மறந்தான்? எல்லாத்துலயும் தன் பேரைப் பொறிச்சு வச்சிருந்தானே! கரண்டியில கூட!

வில்ஃபிரட்: நான் ஒண்ணு கேக்கலாமா?

எனிட்: கேளுங்க.

வில்ஃபிரட்: சர் ஆம்ப்ரோஸ்னு நீங்க சொல்றது... செத்துப்போனவரையா?

மியூரியல்: யாரு செத்தா?

வில்ஃபிரட்: அவர்தான். கப்பல் கவிழ்ந்து கடல்ல போயிட்டாரே. முதல் பக்கத்துலயே தந்தி வருதே? அதுக்கப்புறம் அவர் வரவே இல்லையே.

மியூரியல்: ...அது வந்து... அது குறியீடா இருக்கும் வில்ஃபிரட்.

வில்ஃபிரட்: குறியீடா?

மியூரியல்: ஆமா. உண்மையில சாகலை. மனசுக்குள்ள செத்துட்டார்னு அர்த்தம். பெரிய எழுத்தாளர்கள் அப்படித்தான் எழுதுவாங்க. மேலோட்டமாப் படிச்சா புரியாது.

வில்ஃபிரட்: அப்போ கோஸும் குறியீடா?

மியூரியல்: கோஸு... கோஸும்தான்.

எனிட்: முட்டை?

மியூரியல்: நீ சும்மா இரு.

வில்ஃபிரட்: எனக்கு இதெல்லாம் புதுசும்மா. நான் படிச்ச முதல் கதைப் புத்தகமே இதுதான். பஸ் நேர அட்டவணை, வேதாகமம், ரெண்டையும் விட்டா வேற படிச்சதில்லை. செத்துட்டார்னு போட்டிருந்துச்சு, செத்துட்டார்னு நம்பிட்டேன். அவர் கோட்டு ஒண்ணு வீட்டுல கெடக்குது. அந்தப் பொண்ணு அதை மடிச்சுப் பெட்டியில வைக்கிறா. அப்புறம் எடுக்கறா. மறுபடி மடிக்கிறா. மறுபடி எடுத்து... அந்த இடத்தை மட்டும் அந்தம்மா சரியா எழுதியிருக்கா. அங்க வாக்கியம் கூடச் சின்னதாத்தான் இருந்துச்சு.

எனிட்: இன்னொரு கப் டீ ஊத்தட்டுமா?

வில்ஃபிரட்: ஊத்துங்க. அது குறியீடு இல்லையே?

எனிட்: இல்லை, வெறும் டீதான்.

வில்ஃபிரட்: ஆனா ஒண்ணு சொல்றேன். அந்த உதவிப் போதகர் இருக்காரே, நல்ல பையன். அழுதுட்டிருந்த பொண்ணுக்குச் சூப்பு கொண்டு வந்து கொடுக்கறான். ஊருல வேற ஒருத்தரும் எட்டிப் பார்க்கலை.

எனிட்: எவன், அந்த உயில் திருடனா?

வில்ஃபிரட்: திருடனா? அவனா? ஏம்மா எனிட், சபைக்குள்ள உட்கார்ந்துக்கிட்டு ஒரு போதகரைப் பத்தி இப்படிப் பேசலாமா?

எனிட்: உயிலைத் திருத்தி எழுதி, ஆம்ப்ரோஸோட சொத்தையெல்லாம் அமுக்கினவன் அவன்! சூப்பு கொடுத்ததே அதுக்குத்தான்!

வில்ஃபிரட்: சூப்பு கொடுக்கிறவன் திருடனா இருக்க மாட்டான். நான் நம்ப மாட்டேன்.

மியூரியல்: நீங்க ரெண்டு பேரும் யாரைப் பத்திப் பேசறீங்க? இந்தக் கதையில போதகரே கிடையாதே?

எனிட்: நீதான் தூங்கியிருக்கே.

மியூரியல்: நான் ஒரு வரி விடலை! திரைச்சீலையைக் கூட விடலை!

எனிட்: சரி சரி, நேரமாச்சு. ஓட்டுப் போட்டுருவோம். நான் முதல்ல வைக்கிறேன். சாக்லேட். ஆம்ப்ரோஸுக்காக.

மியூரியல்: வெறும் பிஸ்கட். பியானோவுக்காக.

எனிட்: மியூரியல்!

மியூரியல்: என்ன?

எனிட்: கொஞ்சம் இந்தப் பக்கம் வா... ஐவியோட கடைசிப் புத்தகம் டி. மனுஷன் பாவம், மழையில நனைஞ்சுக்கிட்டு வந்திருக்கார். ஒரு சாக்லேட் பிஸ்கட் வச்சா உன் சொத்தா போயிடும்?

மியூரியல்: அதுவும் சரிதான்... அவர் கவனிக்கிறாரா?

வில்ஃபிரட்: எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. இரக்கப்பட்டு யாரும் வைக்க வேண்டாம்மா. ஐவி அதுக்குச் சம்மதிக்க மாட்டா. கருணை பிஸ்கட்டால அலமாரியில ஏறினா, அவ கீழே இறங்கி வந்துருவா.

மியூரியல்: மன்னிச்சுக்கோங்க வில்ஃபிரட். அப்போ வெறும் பிஸ்கட்டே இருக்கட்டும். நீங்க வைங்க. உங்களுதாவது சாக்லேட்டா இருக்கும்ல.

எனிட்: என்ன யோசனை? எடுத்து வைங்க.

வில்ஃபிரட்: வச்சுட்டேன்.

மியூரியல்: வில்ஃபிரட்... இது வெறும் பிஸ்கட்!

வில்ஃபிரட்: ஆமா.

எனிட்: பொண்டாட்டி புத்தகத்துக்கே வெறும் பிஸ்கட்டா? தெரியாம எடுத்துட்டீங்களா?

வில்ஃபிரட்: தெரிஞ்சுதாம்மா எடுத்தேன். வர்ற வழியெல்லாம் "சாக்லேட், சாக்லேட்"னு சொல்லிக்கிட்டேதான் வந்தேன். ஆனா ஆண்டவர் வீட்டுல உட்கார்ந்துக்கிட்டு, பிடிக்காததைப் பிடிச்சிருக்குன்னு எப்படிச் சொல்றது? பிஸ்கட்டா இருந்தாலும் பொய் பொய்தானே?

எனிட்: அப்படி என்ன பிடிக்காமப் போச்சு?

வில்ஃபிரட்: முடிவு. அதைத்தான் என்னால மன்னிக்க முடியலை.

எனிட்: நல்ல முடிவுதானே! தேவாலய மணி அடிக்குது, தோட்டம் பூரா பூ, லெட்டிஸ் வெள்ளை கவுன்ல...

மியூரியல்: என்னது? முடிவுல அவ அழுதுக்கிட்டே, கொட்டற மழையில குதிரை வண்டி ஏறிப் போறா! வண்டி திரும்பற இடத்துல சட்டுன்னு நிக்குது கதை. ரொம்பப் புதுமையான முடிவுன்னு என் தங்கச்சிக்குக் கடிதாசியே போட்டுட்டேன்!

வில்ஃபிரட்: வண்டியும் இல்லை, மணியும் இல்லை. கதவு தட்டற சத்தம் கேக்குது. ராத்திரி, காத்து அடிக்குது. அவ விளக்கை எடுத்துக்கிட்டுக் கதவைத் திறக்கப் போறா. தாழ்ப்பாள்ல கை வைக்கிறா. அவ்வளவுதான், புத்தகம் முடிஞ்சுருச்சு! இது என்ன நியாயம்? தட்டினது யாருன்னு சொல்ல வேண்டாமா? மூணு வாரமா நான் தூங்கலை. என் வீட்டுக் கதவை ரொட்டிக்காரன் தட்டினாக் கூடத் திடுக்குன்னு ஆயிடுது!

மியூரியல்: இருங்க. இருங்க இருங்க. எங்க, உங்க புத்தகத்தைக் கொடுங்க.

வில்ஃபிரட்: இந்தாங்க. நனையாம இருக்கட்டும்னு கோட்டுக்குள்ள வச்சிருந்தேன்.

மியூரியல்: சிவப்பு அட்டை. தங்க எழுத்து. "மார்விக் மாளிகை." என்னுதும் அதேதான். எனிட், உன்னுது?

எனிட்: அதேதான். பாரு.

மியூரியல்: முதல் வரியைப் படிங்க வில்ஃபிரட்.

வில்ஃபிரட்: "சர் ஆம்ப்ரோஸ் மார்விக் சென்ற கப்பல் மூழ்கிய செய்தியைத் தாங்கிய அந்தத் தந்தி..."

மியூரியல்: என்னுது "மார்விக் மாளிகையின் திரைச்சீலைகள்"னு ஆரம்பிக்குது! எனிட்?

எனிட்: "தன் பெயரறியாத அந்தத் தோட்டக்காரன்..."

மியூரியல்: ஆண்டவரே. இது மூணு பாகம்! ஒரே கதையோட மூணு பாகம்! அந்தக் காலத்துல இப்படித்தானே மூணு மூணாக் கட்டி வித்தாங்க! நான் படிச்சது முதல் பாகம். வில்ஃபிரட் நடுப் பாகம். நீ கடைசி!

எனிட்: அட! அப்படியா?

மியூரியல்: அப்படியாவா? நீதானே டி பிரவுன் பேப்பர்ல சுத்தி ஆளுக்கு ஒண்ணாக் கொண்டு வந்து கொடுத்தே!

எனிட்: ஸ்கிப்டன் சந்தையில பழைய புத்தகக் கடையில வாங்கினதுன்னு ஐவி என்கிட்ட கட்டாக் கொடுத்தா. மூணு பேருக்கு மூணு புத்தகம், சரியா இருக்கேன்னு நெனச்சுட்டேன்.

வில்ஃபிரட்: பாகம் ஒண்ணு, ரெண்டுன்னு எங்கயும் போடலையே?

எனிட்: பழசு இல்லையா, முதல் தாள் கடைசித் தாள் எல்லாம் போயிருக்கு. பூச்சி அரிச்சிருக்கும்.

மியூரியல்: அப்போ... நான் குறியீடுன்னு சொன்னதெல்லாம்...

எனிட்: கோஸு வெறும் கோஸுதான் மியூரியல்.

வில்ஃபிரட்: ஹ... ஹஹ...

மியூரியல்: சிரிக்காதீங்க வில்ஃபிரட்!

வில்ஃபிரட்: ஹஹஹா! முட்டையும் குறியீடான்னு எனிட் கேட்டப்போ உங்க முகம்... ஹஹஹா! மன்னிக்கணும்மா, அடக்க முடியலை. நடுவழியில பஸ் ஏறிட்டு, "ஏன்யா, இந்த பஸ் எங்கேயும் கிளம்பவே இல்லையா"ன்னு கேட்டவன் மாதிரில்ல நான் இருந்திருக்கேன்! கதைப் புத்தகம்னா நடுவுலதான் ஆரம்பிக்கும்னு நெனச்சேன்!

மியூரியல்: நான் மட்டும் என்ன? தங்கச்சிக்கு இப்போ எப்படி மறு கடிதாசி போடறது?

வில்ஃபிரட்: சிரிச்சு எத்தனை நாளாச்சு... விலா வலிக்குது.

எனிட்: எல்லாம் என் தப்பு. ஐவி புத்தகத்தை இப்படிக் குழப்பிட்டேனே.

வில்ஃபிரட்: ஏம்மா எனிட், இதுக்குப் போய் வருத்தப்படலாமா? எங்க டிப்போவுல ஒருத்தன், பாட்டுக் குழுவை ஏத்திக்கிட்டு லீட்ஸுக்குப் போகாம பிராட்ஃபோர்டுக்குப் போயிட்டான். அவங்க இறங்கி, அங்கேயே பாடிட்டு வந்தாங்க. ஒண்ணும் குடி முழுகிப் போகலை. நீங்க செஞ்சது நல்ல மனசோட செஞ்சது.

எனிட்: ...ரொம்ப நல்லவர் நீங்க.

வில்ஃபிரட்: அது சரி... கோஸுக்குத் தண்ணி ஊத்தறாருன்னு சொன்னீங்களே. அப்போ அவரு சாகலையா?

எனிட்: அது...

வில்ஃபிரட்: வேண்டாம், சொல்லாதீங்க. ஆனா சாகலை. அப்படித்தானே? அவ அந்தக் கோட்டை மடிச்சு வச்சது வீணாப் போகலை. சரி. கதையிலயாவது ஒருத்தர் திரும்பி வரட்டும்.

மியூரியல்: இப்போ இந்த ஓட்டு?

எனிட்: செல்லாது. முழுசாப் படிக்காத புத்தகத்துக்கு ஓட்டுப் போடக் கூடாது. அது வட்டத்தோட விதி.

மியூரியல்: ஆமா, விதிதான். பிஸ்கட்டை எல்லாரும் திருப்பி எடுத்துக்கலாம்.

வில்ஃபிரட்: அப்போ ஐவிக்கு இன்னும் வாய்ப்பு இருக்கு?

எனிட்: முழுசா இருக்கு. புத்தகத்தை மாத்திக்குவோம். அடுத்த மாசம் ஒரு பாகம், அதுக்கடுத்த மாசம் ஒண்ணு. மூணும் படிச்சு முடிச்சதும் நியாயமா ஓட்டு. ஆனா... நீங்கதான் ஒரு தடவைக்கு மேல வர மாட்டேன்னு சொல்லிட்டீங்களே.

வில்ஃபிரட்: சொன்னேன்.

எனிட்: கட்டாயம் இல்லை.

வில்ஃபிரட்: சொன்னேன்தான்... அந்தப் பொண்ணு எதுக்கு மழையில கிளம்பி வந்தான்னே எனக்குத் தெரியாது. கதவைத் தட்டினது யாருன்னும் தெரியாது. இந்தப் பக்கமும் தெரியாது, அந்தப் பக்கமும் தெரியாது. அதோட அந்த உதவிப் போதகரைத் திருடன்னு வேற சொல்லிட்டீங்க. அவன் பேரைக் காப்பாத்த யாராவது வேண்டாமா?

மியூரியல்: கண்டிப்பா வேணும்.

வில்ஃபிரட்: முதல் பாகத்தைக் கொடுங்க. திரைச்சீலையை நானும் பார்க்கறேன். அடுத்த மாசமும் வியாழக்கிழமைதானே?

எனிட்: முதல் வியாழன்.

வில்ஃபிரட்: வரப்போ ஏதாவது கொண்டு வரணுமா? ஐவி இஞ்சி கேக் பண்ணிக் கொண்டு வருவா, இல்லையா? நான் வேணா முயற்சி பண்ணி...

எனிட்: வேண்டாம்!

மியூரியல்: பால் கொண்டு வாங்க வில்ஃபிரட். பால் போதும்.

வில்ஃபிரட்: பால். ரொட்டிக்காரன் பால் கொண்டு வர மாட்டான். கடைக்குத்தான் போகணும்.

எனிட்: ஆமா. கடைக்குத்தான் போகணும்.

வில்ஃபிரட்: சரி. போயிட்டா போச்சு. வரேம்மா. கர்த்தர் உங்களை ஆசீர்வதிக்கட்டும்.

மியூரியல்: பார்த்துப் போங்க, படி வழுக்கும்.

எனிட்: புத்தகம் நனையாமப் பார்த்துக்கோங்க!

வில்ஃபிரட்: கோட்டுக்குள்ளதான் இருக்கு!

மியூரியல்: ...போயிட்டார். தெருமுனை வரைக்கும் சிரிச்சுக்கிட்டே போறாரு பாரு.

எனிட்: கோப்பையை நான் கழுவறேன், நீ துடை.

மியூரியல்: துடைக்கிறேன், அவசரமில்லை. முதல்ல இங்க வந்து இதைப் பாரு. உன் புத்தகமும் இந்த நடுப் பாகமும். முதல் தாள் போயிருக்கற இடத்தைப் பாரு. பூச்சி இவ்வளவு நேராவா அரிக்கும்?

எனிட்: அந்தக் காலத்துப் பூச்சி.

மியூரியல்: எனிட். புத்தகத்து முதுகுல பாக எண் இருந்த இடத்தைச் சுரண்டியிருக்கு. பூச்சிக்கு எண் தெரியுமா?

எனிட்: அந்தக் கோப்பையை இப்படிக் கொடு, தண்ணி ஆறுது.

மியூரியல்: உனக்கு முன்னாடியே தெரியும். கோஸு, முட்டைன்னு வேணும்னே என் வாயைக் கிளறியிருக்கே. குறியீடுன்னு நான் உளற உளறக் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தியே, பாவி!

எனிட்: அது ஒண்ணுதான் டி எனக்குக் கெடச்ச சந்தோஷம். மத்தபடி "நல்ல மனசோட செஞ்சது"ன்னு அவர் என்னைத் தேத்தினாரே... அதைத்தான் என்னால தாங்க முடியலை.

மியூரியல்: சபைக் கூடத்துல வச்சுப் பொய்யா? அதுவும் ஒரு புத்தகத்தைக் கத்தரிக்கோலால வெட்டி! எப்படி டி மனசு வந்துச்சு உனக்கு?

எனிட்: வெட்டினது நான் இல்லை, மியூரியல். ஐவி. ஆஸ்பத்திரிப் படுக்கையில உட்கார்ந்துக்கிட்டு, நர்ஸ்கிட்ட நகம் வெட்டற கத்தரி கேட்டு வாங்கி, ஒவ்வொரு தாளா அவளே வெட்டினா. "புத்தகம் படு அறுவை எனிட், நானே வெறும் பிஸ்கட்தான் வைப்பேன். ஆனா மூணு பாகம் இருக்கு. நான் போனப்புறம் நீங்க கூப்பிட்டா அவர் எனக்காக ஒரு தடவை வருவார், அப்புறம் கதவைச் சாத்திக்குவார். அதனால அவருக்கு நடுப் பாகத்தைக் கொடு. பாதி வழியில வண்டியை நிறுத்த அவருக்குத் தெரியாது"ன்னு சொல்லிட்டு, வலியோட வலியா அப்படிச் சிரிச்சா டி.